ஏற்றாத சூடம்

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பூட்டுக்குப் பஞ்சம் வந்ததில்லை. தெருக்கதவுக்கு ஒன்று, கொல்லைக் கதவுக்கு ஒன்று, மோட்டார் கொட்டகைக்கு ஒன்று, டி.வி. வைத்திருந்த மரப்பெட்டிக்குக்கூட ஒரு குட்டிப் பூட்டு. நைனா பூட்டிய பூட்டைச் சும்மா விடமாட்டார். பிடித்து இழுப்பார். பிறகு உடம்பின் பாரத்தையே அதில் போட்டுத் தொங்கிப் பார்ப்பார். அப்படியும் மனசு அடங்காது. பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டு, "இரு, ஒரு நட பாத்துட்டு வந்துடறேன்" என்று திரும்பி நடப்பார். அவர் வருவதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வருகிற வரைக்கும் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த கல்யாணம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. கொல்லையில் துணி காயப்போடும்போது ராஜகிரி தெரியும். பூட்டைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் நைனா அந்த மலையைத்தான் காட்டுவார். "அவ்ளோ ஒசரத்துல மதிலு மேல மதிலு கட்டி வச்சிருந்தான். அதையே புடிச்சிட்டானுங்க. நம்ம வூடு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். கோட்டையைச் சாட்சிக்கு இழுத்த பிறகு யார் என்ன பேச முடியும்?

அம்மாவுக்குப் பூட்டில் நம்பிக்கை கிடையாது. பூட்டைத் தொங்கவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாமே திருடனுக்குத் தகவல் சொல்வதாக அர்த்தம் என்பது அவள் கட்சி. அவள் ஒளித்து வைக்கிறவள். புளிப் பானைக்குள் சில்லறை இருக்கும். பழைய தலையணை உறைக்குள் என் வெள்ளிக் கொலுசு இருக்கும். அவள் பிறந்த வீட்டில் போட்ட ஆரமும் ஒரு ஜோடி வளையலும் விதை மல்லாட்டை மூட்டைக்குள், ஒரு பவுடர் டப்பாவில் இருக்கும். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விதைக்கென்று எடுத்துக் கட்டிவைத்த மல்லாட்டையை விதைக்கிற நாள் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். அதை வறுத்துத் தின்னுகிற குடும்பம் உருப்படாது என்று எங்களுக்கு நாக்கில் சூடு போடாத குறையாகச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆகவே ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அம்மா நம்பினாள். அந்த இடம் நைனாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவர்கள் இருவர் ஏற்பாட்டுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு பாதுகாப்பு இருந்தது. அது அஞ்சலை. எங்கள் நிலத்தில் களை எடுக்கவும் அறுக்கவும் வருவாள். மாட்டைப் பார்த்துக்கொள்வாள். நாங்கள் குடும்பத்தோடு வெளியூர் போனால் வராந்தாவில் ஒரு பாயைப் போட்டுக் காவலுக்குப் படுத்துக்கொள்வாள். எங்கள் அம்மா வயதுதான் இருக்கும். ஆனாலும் வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று நானும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் என்னைப் பாப்பா என்பாள். அது எனக்கு அப்போது சரியாகத்தான் இருந்தது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிவிடும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருஷம் அஞ்சலைக்கு ஒரு நல்ல காலம் வருகிற மாதிரி இருந்தது. திண்டிவனம் ரோட்டில் புதிதாக ஒரு பெண்கள் ஹாஸ்டல் திறந்திருந்தார்கள். அதற்கு வாட்ச்வுமன் வேண்டும் என்றார்கள். மாசச் சம்பளம், காக்கிச் சட்டை, தொப்பி. ஹாஸ்டல்காரர் நைனாவுக்குத் தெரிந்தவர். "நான் சொல்றேன், போ. உன்ன உட்டா காவலுக்கு வேற யாரு இருக்குறா?" என்று நைனாவே சொல்லியிருந்தார். அஞ்சலை மல்லாட்டை அளக்கிற படியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, "யாருடி அது, இந்நேரத்துல எங்க போற?" என்று என்னை அதட்டிக் காட்டுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். வெயிலில் குனிந்து களை எடுக்கிற வேலைக்கு ஒரு முடிவு வருகிறது என்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம், படி தலையிலிருந்து விழுந்து மூக்கில் இடித்தபோதும் குறையவில்லை.

அதே வருஷம் எங்கள் கிணறு வற்றியது. நைனா ஒரு போர் போட்டார், புகைதான் வந்தது. ஆவணி கடைசியில் இன்னொரு போர் போட்டார், தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நைனாவிடம் கணக்குக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

புரட்டாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். கூட்டத்தில் கழுத்தில் கிடப்பதை அறுத்துவிடுவார்கள் என்று அம்மா தாலிக் கயிற்றோடு, ஒரு கவரிங் சங்கிலி மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழக்கம்போல் அஞ்சலை காவலுக்கு வந்தாள். மாட்டுக்குப் புண்ணாக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதால், மல்லாட்டை மூட்டைகள் கிடந்த முன் அறையின் சாவியை அம்மா அவளிடம் கொடுத்தாள். நைனா எல்லாப் பூட்டிலும் ஒரு முறை தொங்கினார். மறுநாள் காலையில் நாங்கள் திருநீறும் தூக்கமுமாகத் திரும்பி வந்தபோது வாசல் தெளித்திருந்தது, மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. அம்மா சாவியை வாங்கிக்கொண்டு அவளுக்குக் கோயில் பொரியும் கண்ணாடி வளையலும் கொடுத்தாள்.

ஐப்பசியில் அம்மாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம் திடீரென்று கூடிவந்தது. ஆரத்தை எடுக்க அம்மா மூட்டையைப் பிரித்தாள். டப்பா இருந்தது. அதற்குள் பழைய பஞ்சுத் துணி இருந்தது. ஆரமும் இல்லை, வளையலும் இல்லை.

அம்மா மூட்டையை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டாள். விதை மல்லாட்டை அறை முழுக்க ஓடியது. அவளும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கையாக அள்ளிப் பார்த்தோம். நைனா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போகலாம் என்று அம்மா அழுதபோது, "வாணாம். ஸ்டேஷனு, கோர்ட்டுனு யாரு அலையறது" என்று மட்டும் சொன்னார். பூட்டில் தொங்குகிற மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. பறிகொடுத்த அதிர்ச்சியில் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

விஷயம் தளவானூரில் இருந்த என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, போனில் போனது. அவர் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். இறங்கும்போதே தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "சாவி யாரு கையில இருந்துது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அன்று பொழுது சாய்வதற்குள் தெருவில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அஞ்சலை திருடினாள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாவி யார் கையில் இருந்தது என்று மட்டும்தான் கேட்டார்கள். நைனா அதற்கும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவளே வந்தாள். வழக்கமாகக் கொல்லைப் பக்கம் வருகிறவள் அன்று தெருவாசலில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை, நைனாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அய்யா, நான் சூடம் அணைக்கிறேன். அம்மன் எதிருல அணைக்கிறேன். அதுக்கப்புறம் ஊரு இன்னா வேணா பேசட்டும்."

நைனா பதில் சொல்வதற்குள் மாமா, "வெள்ளிக்கிழமை வச்சிக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

எங்கள் தெருவில் அந்தச் சத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. பொருளைப் பறிகொடுத்தவர் அம்மன் எதிரில் சூடத்தை ஏற்ற வேண்டும். பழிக்கு ஆளானவர், நான் எடுக்கவில்லை என்று சொல்லி வெறுங்கையால் அதை அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதோடு பழி தீர்ந்தது, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பொய்யாக அணைத்தாலும் அம்மன் சும்மா விடமாட்டாள், பொய்யாக ஏற்றினாலும் விடமாட்டாள். கையில் சாட்சியோ வக்கீலோ இல்லாதவர்களுக்கு இருந்த ஒரே கோர்ட் அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக்கோடி அங்காளம்மன் கோயிலில் நல்ல கூட்டம். இந்த மாதிரி விஷயத்துக்குக் கூட்டத்தை யாரும் அழைக்க வேண்டியதில்லை. அஞ்சலை தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹாஸ்டல் வேலைக்குச் சேருகிற அன்று கட்டுவதற்கென்று எடுத்துவைத்த சேலை அது, எனக்கு முன்பே காட்டியிருந்தாள். கொஞ்சம்கூட பயம் தெரியவில்லை. கோயிலுக்குப் பிரார்த்தனை செலுத்த வந்தவள் முகம்தான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் வெற்றிலை, வெற்றிலை மேல் ஒரு பெரிய கட்டிச் சூடம், பக்கத்தில் தீப்பெட்டி. வீட்டுப் பெண் பிள்ளை தட்டு பிடிக்கட்டும் என்று மாமாதான் ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு அதில் பெருமை வேறு.

வெற்றிலையை எடுத்து அம்மன் எதிரில் தரையில் வைத்தார்கள். நைனா தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்தார், காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்தார், அது எரிந்தது. எரிகிற குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சூடத்தைப் பார்த்தபடி நின்றார். குச்சி விரல் வரைக்கும் எரிந்து வந்தது. அதைக் கீழே போட்டார்.

"வாணாம்" என்றார். "போனது போவட்டும். ஏழபாழைங்க வயித்தெரிச்சல் நமக்கு வாணாம். எல்லாம் வூட்டுக்குப் போங்க."

கூட்டம் கலையவில்லை. எல்லாரும் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். என்ன மனசு, யாருக்கு வரும் இந்த மனசு என்றார்கள். பெரிய மனுசன் பெரிய மனுசன்தான் என்றார் பெட்டிக்கடைக்காரர். மாமாவுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.

அஞ்சலை மட்டும் நகரவில்லை. "அய்யா, ஏத்துங்க. நான் அணைச்சிட்டுப் போயிடறேன்" என்றாள். நைனா திரும்பவில்லை. "எம் மேல தப்பு இல்ல அய்யா. ஏத்தாம போனா எப்டி? யாராச்சும் ஏத்துங்களேன்" என்று கூட்டத்தைப் பார்த்தாள். பறிகொடுத்தவரே மன்னித்துவிட்ட பிறகு வேறு யார் ஏற்றுவார்கள்? ஒரு கிழவி அவளைப் பார்த்து, "அவரே உட்டுட்டாரு, நீ இன்னாடி பெருசா. கால்ல உழுந்துட்டுப் போவியா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அஞ்சலை தரையில் உட்கார்ந்து ஏற்றாத சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அதற்குள் நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் கூடவே ஓடினேன்.

அடுத்த ஒரு வாரம் நான் பள்ளிக்கூடத்தில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். திருடியவளை மன்னித்தவரின் மகள் அல்லவா? கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கதையை நானே கை கால் வைத்துச் சொன்னேன். நான் சொன்ன கதையில் அஞ்சலை அழுது நைனாவின் காலில் விழுந்தாள்.

ஹாஸ்டல்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவிடம் நேராகவே கேட்டார்: "உன் ஊட்டுல வேல செஞ்ச பொம்பளதான, எப்டிப்பா?" நைனா, "எனக்குத் தெரியல, உன் இஷ்டம்" என்றார். நான் அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தை முடிவதற்குள் அஞ்சலை தன் பையனைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். அவள் புருஷன் முன்பே அங்கேதான் இருந்தான். போகும்போது எங்கள் தெரு வழியாகப் போகவில்லை.

புதுப் போர்த் தண்ணீரில் அந்த முறை மல்லாட்டை நன்றாக விளைந்தது. சித்திரையில் பிடுங்கி, விற்று, மூட்டை எல்லாம் போன பிறகு ஒரு நாள் மத்தியானம் நைனா மாட்டுக் கொட்டகைப் பரணிலிருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தார். கையில் ஒரு துணி முடிச்சு. "நான்தான் பத்திரமா இருக்கட்டுமேனு மேல வச்சிருக்கேன் போலக்குது. சுத்தமா மறந்தே பூட்டேன்" என்றார். அம்மாவைப் பார்க்காமல் பரணைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். ஆரமும் இருந்தது, வளையலும் இருந்தது. முடிச்சில் ஒட்டடை இல்லை. ஆரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொக்கிக்குப் பக்கத்தில் ஓரிடம் புதிதாகத் தேய்த்த மாதிரி பளபளவென்று இருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். கொஞ்ச நேரம் அப்படியே தடவிக்கொண்டிருந்தாள். நைனா முகம் கழுவப் போய்விட்டார்.

நான் குதித்தேன். "நகை கெடச்சிடுச்சினு அஞ்சலை ஊட்டுல அவ மாமியாகிட்டப் போயி சொல்லிட்டு வரட்டாமா?" என்று கேட்டேன்.

"சும்மா கெட" என்றாள் அம்மா. "தெருவுல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா புதுசா செஞ்சதுனு சொல்லு."

கிடைத்துவிட்டது என்றால் மறுபடி யாராவது திருட வருவார்கள், பத்திரத்துக்காகச் சொல்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் எல்லாமே பத்திரத்துக்காகத்தானே.

இப்போது நான் நகைக் கடன் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாசலில் காவலாள், தலைக்கு மேல் கேமரா, உள்ளே இரும்புக் கதவு, அந்தக் கதவுக்கு இரண்டு சாவி, இரண்டும் இரண்டு பேரிடம். இதைச் சொன்னபோது நைனாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். மகள் கடைசியில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். எங்கள் மதிப்பீட்டாளர் வருகிற நகையையெல்லாம் முதலில் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கொக்கி ஓரமாகத்தான் தேய்ப்பார். தேய்த்த இடம் பளபளவென்று இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆரத்தை அவர் தேய்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. கை வரவில்லை. "இன்னாமா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆக, மேல்மலையனூரில் நாங்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அஞ்சலை வராந்தாவில் விழித்துக் காவல் காத்தபோது, அந்த ஆரம் எங்கள் வீட்டிலேயே இல்லை. ஏதோ ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால், நைனா வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட அத்தனை பாதுகாப்போடும் இருந்தது. போர் போடுவதற்காகக் கொண்டுபோய் அடகு வைத்திருக்கிறார். விதைப்புக்கு மூட்டையைப் பிரிப்பதற்குள் எங்காவது பணம் புரட்டிச் சத்தமில்லாமல் மீட்டு மூட்டைக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். கல்யாணம் ஒன்று நடுவில் வரும் என்று அவர் நினைக்கவில்லை. அஞ்சலையைக் குற்றவாளி ஆக்க வேண்டும் என்றும் நினைத்திருக்கமாட்டார். ஆனால் ஆனபோது பேசாமல் இருந்தார். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பாதுகாப்பு, அந்தச் சூடம். அதையும் இரக்கம் என்ற பெயரில் பிடுங்கிக்கொண்டார். சந்தேகத்தை மட்டும் அவளுக்கு விட்டுவைத்தார்.

என் கல்யாணத்துக்கு அந்த ஆரத்தை எனக்குத்தான் போட்டார்கள். பீரோவில் இருக்கிறது, நான் போட்டுக்கொள்வதில்லை. அம்மாவிடமும் நைனாவிடமும் இதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவும் வெட்கக்கேடுதான். அஞ்சலையும் அவள் புருஷனும் பெங்களூரில் கட்டி முடிக்காத அடுக்குமாடிக் கட்டடங்களில் தங்கிக் காவல் பார்க்கிறார்கள் என்று ஊரில் யாரோ சொன்னார்கள். எந்தக் கட்டடம் என்று கேட்டேன். தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வீடு வரைக்கும் நைனா என் கையை விடவில்லை. வழியெல்லாம் அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மனுக்குப் பயந்து நடுங்குகிற கை அது என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஒரு ஏழைக்காக இவ்வளவு இரக்கப்படுகிறாரே என்று நினைத்தேன். அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.